எழுபத்தொரு புள்ளிகள்

செலக்ட், ஃப்ரம், வேர். எடு, எதிலிருந்து, எப்படிப்பட்டவர்களை மட்டும். கம்ப்யூட்டரோடு பேச மூன்றே மூன்று வார்த்தை, அதை நான்கு நாளாகக் கரைத்துக் கரைத்து ஊட்டுகிறார்கள், வசந்தாமணிக்குத் தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. கோயமுத்தூரிலிருந்து காரில் வந்து பாடம் நடத்துகிற நிரஞ்சனுக்கு அவளுடைய வயதில் பாதிதான் இருக்கும். நல்ல மாதிரிதான், வாய் நிறைய மேடம் மேடம் என்றுதான் கூப்பிடுகிறான், ஆனால் ‘ரொம்ப சிம்பிள்’ என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று சுருங்கிப்போகிறது. சிம்பிளாம். இருபத்து மூன்று வருஷம் இந்த மில்லின் டைம் ஆபீசில் உட்கார்ந்து, யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று மஸ்டர் எழுதியவள், நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஜன்னலுக்கு வெளியே நீளுகிற கையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடக்கூடியவள், இன்றைக்கு மயிலாத்தாள் எந்தப் பிரிவு என்று ஒரு பெட்டியிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. வைண்டிங் பிரிவு, மூன்றாவது மெஷின், அவளுக்கு எண்ணெய் வாசம் ஆகாது, இதையெல்லாம் பெட்டியிடம் எதற்குக் கேட்கவேண்டும்? ஏசிக் குளிர் முழங்காலுக்குக் கீழே, நரம்பு சுருட்டிக்கொண்ட இடமாகப் பார்த்துப் பிடிக்கிறது. இத்தனை வருஷத்தில் இந்தக் கான்ஃபரன்ஸ் ஹாலுக்குள் எத்தனையோ தடவை ஃபைலோடு வந்து நின்றிருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. நாற்காலி சுற்றுகிறது, அசையாமல் உட்காரவே தனியாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. ஒன்றாம் தேதியோடு டைம் ஆபீசை இழுத்து மூடுகிறார்கள். வாசலில் விரல் வைக்கிற மெஷின் வந்து ஆறு மாசமாகிறது, இனி மஸ்டரும் வேண்டாம், எழுதுகிறவளும் வேண்டாம். பன்னிரண்டரைக்கு வைக்கப்போகிற பரீட்சையில் தேறினால் மாடியில், மேனேஜர் அறைக்குப் பக்கத்தில், ஒரு கம்ப்யூட்டரும் ஒரு நாற்காலியும். தேறாவிட்டால் பேக்கிங். பேக்கிங்கில் எட்டு மணி நேரமும் நின்றபடிதான், இந்தக் காலோடு நின்றால் ஆறு மாசத்தில் படுக்கைதான் என்று டாக்டர் சொன்னதை அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. நேரம் பதினொன்றேகால் ஆகியிருந்தது.

நிரஞ்சன் சொன்னபடியே அடித்தாள். செலக்ட் நட்சத்திரம் ஃப்ரம் ஒர்க்கர்ஸ். நட்சத்திரம் என்றால் ஒன்று விடாமல் எல்லாம் என்று அர்த்தமாம், ஒர்க்கர்ஸ் என்பது ஆட்களை வைத்திருக்கும் பட்டியலாம். என்டரைத் தட்டினாள். பெட்டி ஒன்றும் செய்யவில்லை. கீழே ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. மறுபடி தட்டினாள், இன்னொரு வரிக்கு இறங்கி அங்கேயும் சிமிட்டியது. சரி, நமக்கு எழுதியிருப்பது பேக்கிங்தான் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்டோர்ஸ் கிளார்க் தேவசகாயம் எட்டிப் பார்த்து, “கடைசில செமிகோலன் வெக்கோணுமுங்க. அது வெச்சாத்தான் நீங்க பேசி முடிச்சிட்டீங்கன்னு அதுக்குத் தெரியும்” என்றார். மேலே ஒரு புள்ளி, அதற்குக் கீழே ஒரு வால். வைத்ததும் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மடமடவென்று இறங்கி வந்தார்கள். ஒரு புள்ளிக்காகத்தான் இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டு நின்றதா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது, ஏனென்றால் புள்ளி என்றதும் மனசு போகிற இடம் அவளுக்குத் தெரியும், நான்கு நாளாக அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது, அவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைக்கிறாள். மஸ்டரில் வந்தவளுக்கு மையில் பி, வராதவளுக்கு மையில் ஏ. அவை இரண்டும் கம்பெனியின் எழுத்துகள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அது கம்பெனிக்குத் தெரியாது. பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் வைத்ததுதான். லீவு லெட்டரில் எழுத முடியாத காரணம் ஒன்று ஒருத்திக்கு வரும். அடித்த புருஷனிடமிருந்து தங்கச்சியைக் கூட்டிவர ஓட வேண்டியிருக்கும், கரு கலைந்துபோனதை வெளியே சொல்ல முடியாமல் படுத்திருப்பாள். அன்றைக்கு அவள் கட்டத்தில் ஏ போடாமல் புள்ளி வைப்பார்கள். பதிலுக்கு அவள் வருகிற ஞாயிற்றுக்கிழமை மெஷின் துடைக்க வந்து, அந்த ஒரு நாளை முழுசாக வேலை பார்த்துக் கழிப்பாள். மாசக் கடைசியில் கூட்டும்போது புள்ளியும் வந்த நாளாகத்தான் சேரும். சூப்பர்வைசருக்குத் தெரியும், டைம் ஆபீசுக்குத் தெரியும், புள்ளி வாங்கினவளுக்குத் தெரியும். மேலே யாருக்கும் தெரியாது, தெரிந்தால் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புள்ளி வைத்து ஏமாற்றினவள் என்று இந்த இருபத்து மூன்று வருஷத்தில் ஒருத்தியையும் வசந்தாமணி பார்த்ததில்லை.

போன வருஷம் மார்ச்சில்தான் வந்தது வினை. மூன்று வருஷத்து மஸ்டரையும் கம்ப்யூட்டரில் ஏற்று என்றார்கள். வேறு யார் ஏற்றுவது, அவள்தான். கட்டம் கட்டமாகத் திரை, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்து. முதல் புள்ளி வந்தபோது புள்ளிப் பொத்தானையே அழுத்திப் பார்த்தாள். பெட்டி கீச்சென்று கத்தியது, சிவப்பில் என்னவோ எழுதியது. பி அல்லது ஏ, அவ்வளவுதான் தின்னும், மூன்றாவதை உள்ளே விடாது. யாரையாவது கேட்கலாம் என்றால் என்னவென்று கேட்பது, புள்ளி என்றால் என்ன என்றல்லவா முதலில் கேட்பார்கள். பி என்று போட்டாள். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேனின் கேட் புத்தகத்தில் அன்றைக்குப் புள்ளி வாங்கினவள் உள்ளே வந்ததாக இருக்காது, நாளைக்கு யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வராதவளை வந்தாள் என்று ஏற்றியது யார் என்று கேட்டால், வசந்தாமணி என்றுதான் வரும். அழித்தாள். ஏ போட்டாள். பழைய வருஷம், சம்பளமெல்லாம் கொடுத்து முடிந்த கதை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த இடத்தில்தான் நான்கு நாளாக மனசு போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. யாரும் பார்க்கப்போவதில்லை என்றால் பி என்றே விட்டிருக்கலாமே. யாராவது பார்ப்பார்கள் என்று பயந்ததால்தானே அழித்தாய். பார்த்தால் உனக்கு வரும் என்றபோது பயந்தாய், பார்த்தால் அவளுக்கு வரும் என்றபோது யாரும் பார்க்கமாட்டார்கள் என்றாய். இல்லை, அப்போது அப்படியெல்லாம் யோசிக்கவில்லை, கை தானாகப் போயிற்று. கை தானாகப் போகுமா? ஒரு தடவை போகலாம், இரண்டு தடவை போகலாம், மூன்று வருஷத்துப் புள்ளிக்கும் தானாகவே போகுமா? அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைகள். அவர்கள் வந்து துடைத்துக் கழித்த ஞாயிற்றுக்கிழமைகளை எங்கே ஏற்றுவது என்று தேடினாள், ஞாயிற்றுக்கு அந்தத் திரையில் கட்டமே இல்லை. வார விடுமுறைக்கு எதற்குக் கட்டம் என்று அதைச் செய்தவன் நினைத்திருப்பான். நியாயம்தான், அவன் என்ன கண்டான். ஏற்றி முடித்ததும் மஸ்டர் புத்தகங்களையும் பழைய கேட் புத்தகங்களையும் பழைய பேப்பரோடு லாரியில் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதையும் ஏன் மறைக்க வேண்டும், நன்றாகவே சாப்பிட்டாள்.

பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் சதாசிவம் வந்தபோது எல்லாரும் எழுந்தார்கள். சுற்று நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் இடித்தது. “உக்காருங்க, உக்காருங்க. நிரஞ்சன், பரீட்சைக்கு எதுக்கு டம்மி கணக்கு? எனக்கு வேண்டிய ஒண்ணையே குடுங்களேன், ரெண்டு வேலையும் ஒண்ணா முடியுமில்ல?” என்றார். பிறகு சிரித்த முகத்தோடேயே சொன்னார். வைண்டிங் பிரிவில், மூன்று வருஷத்தில் ஐம்பது நாளுக்கு மேல் வராதவர்கள் யார் யார், எத்தனை நாள். வசந்தாமணிக்குக் காதுக்குள் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது, இந்த ஹாலுக்குள் மெஷின் சத்தம் வராது என்று அவளுக்குத் தெரியும். தைப்பொங்கலிலிருந்தே மில்லுக்குள் பேசிக்கொள்கிறார்கள், வைண்டிங்குக்குப் புது மெஷின் வருகிறது, ஒரு மெஷின் எட்டுப் பேர் வேலையைப் பார்க்கும், சரியாக வேலைக்கு வராதவர்களாகப் பார்த்து முதலில் அனுப்பப்போகிறார்கள் என்று. பேச்சாக இருந்தது இப்போது கேள்வித்தாளாக வந்து முன்னால் நிற்கிறது. அதற்கு விடை எழுதினால்தான் நாற்காலி. ஆள் ஆளுக்கு ஏ எழுத்துகளைக் கூட்டி ஆப்சென்ட் என்று ஒரு பத்தியில் நிரஞ்சன் ஏற்கெனவே வைத்திருந்தான், இனி மூன்று வார்த்தைதான் பாக்கி. செலக்ட் நேம், ஆப்சென்ட். விரல் நன்றாகப் போகிறது, என்ன அதிசயம், நான்கு நாளாக மக்கர் பண்ணிய விரல் இன்றைக்குத்தான் இப்படிப் போகிறது. ஃப்ரம் ஒர்க்கர்ஸ். வேர் டிபார்ட்மென்ட் சமம் வைண்டிங், ஆண்ட் ஆப்சென்ட் ஐம்பதுக்கு மேல். புள்ளி, வால். பதினொரு பேர் வந்தார்கள். பத்துப் பேரை அவள் பார்க்கவில்லை, கண் நேராக நடுவில் போய் நின்றது. மயிலாத்தாள், எழுபத்தொன்று. ஒன்று விட்டு ஒரு செவ்வாய்க்கிழமை. மூத்த மகன் பத்தொன்பது வயதில் தனக்குத்தானே பேச ஆரம்பித்தான், கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதான் அந்த டாக்டர் பார்ப்பார், மாத்திரை பதினைந்து நாளுக்குத்தான் கொடுப்பார்கள். அவனுக்குக் கீழே கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே நின்று, பின்னால் யாரும் இல்லையே என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றனுங்க” என்று மயிலாத்தாள் சொன்னது அவளுக்கு இப்போதும் கேட்கிறது. பதிலுக்கு ஒன்று விட்டு ஒரு ஞாயிறு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினுக்கு அடியில் படுத்துப் பஞ்சு நோண்டுவாள். அத்தனை ஞாயிறும் வந்தாள். மாரியம்மன் பூச்சாட்டின ஞாயிற்றுக்குக்கூட வந்தாள்.

ஐம்பதை அழித்து எண்பது என்று அடித்துத் தட்டினாள். ஒருவரும் இல்லை என்றது பெட்டி. வெறும் திரை. அப்பாடா என்று மூச்சு விட்டாள், அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் தேவசகாயத்தின் திரை கண்ணில் பட்டது. அங்கே அதே பதினொரு பேர், அதே எழுபத்தொன்று. அந்த வரிசை முழுக்க, தப்பும் தவறுமாக அடித்துக்கொண்டிருந்தவர்கள் திரையில்கூட, ஒவ்வொன்றாக அதே பதினொன்று வந்துகொண்டிருந்தது. ஆக, இவள் ஒருத்தி தப்பாக எழுதுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, மயிலாத்தாளும் போவாள், இவளும் பேக்கிங்கில் போய் நிற்பாள். இதை யோசித்ததும் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது, இருந்ததும் தன் மேலேயே வெறுப்பாக வந்தது, எவ்வளவு சீக்கிரமாக ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது மனுஷிக்கு. நிரஞ்சன் குனிந்து, “ஐம்பதுன்னு கேட்டாங்க மேடம், நீங்க எண்பதுன்னு அடிச்சிருக்கீங்க. கொஸ்டினை மறுபடி பாருங்க, மத்ததெல்லாம் கரெக்ட்” என்றான். “தம்பி, இதுல ஏத்துனது தப்பா இருந்தா திருத்த முடியாதுங்களா?” என்று கேட்டாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. “முடியுமே. அதுக்கு வேற கமாண்ட் இருக்கு. ஆனா உங்க லாகின்ல பார்க்க மட்டும்தான் குடுத்திருக்காங்க மேடம். மாத்தறது ஐடி டிபார்ட்மென்ட்ல மட்டும்தான். ஏன், எதாவது தப்பா இருக்கா?” மேனேஜர் சதாசிவம் இரண்டு நாற்காலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். அவரும் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடலாம். ஏ என்று இருப்பதெல்லாம் ஏ இல்லை சார், அதில் பாதிக்கு மேல் புள்ளி சார், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்து கழித்தது சார். வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கிறது. புள்ளி என்றால் என்ன என்பார். சொல்ல வேண்டும். யார் வைத்தது என்பார். இருபத்து மூன்று வருஷமாகக் கம்பெனிக்குத் தெரியாமல் இதைத்தான் செய்துகொண்டிருந்தாயா என்பார். புத்தகம் எங்கே என்பார், புத்தகம் லாரியில் போய் அரைபட்டுக் கூழாகி எந்த ஊரில் அட்டைப்பெட்டியாக இருக்கிறதோ. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது கையில். மயிலாத்தாள் வேலை தங்கும் என்பதற்கு யார் உத்தரவாதம், ஆனால் தன் வேலை போகும் என்பதற்குச் சந்தேகமே வேண்டாம், பேக்கிங்கூட இல்லை, நேராக வாசல்தான். கால் வலித்தது. இந்த நேரம் பார்த்துக் கால் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், வலிக்காமலே இருந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பாளா? “வசந்தாமணிம்மா, இது பூரா நீங்க ஏத்துனதுதானே? சரியாத்தானே இருக்குது?” என்று மேனேஜர் கேட்டார். கடுமையாகக்கூடக் கேட்கவில்லை, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். “சரியாத்தானுங்க சார் இருக்குது” என்றாள்.

அதற்கப்புறம் எல்லாம் சிம்பிள்தான். எண்பதை அழித்து ஐம்பது போட்டாள். பதினொரு பேரும் திரும்பி வந்தார்கள். “சூப்பர் மேடம். சாருக்குப் பார்க்க வசதியா இன்னும் ஒரு வரி சேர்த்துடலாம். அதிகமா இருக்கறவங்க மேல, கம்மியா இருக்கறவங்க கீழ” என்று நிரஞ்சன் சொல்லிக் கொடுக்க, ஆர்டர் பை என்று அதையும் அடித்தாள். நடுவில் இருந்த மயிலாத்தாள் ஏறி உச்சிக்குப் போனாள். எழுபத்தொன்றுக்கு மேல் யாருமில்லை. எல்லாத் தாளையும் விட இவளுடைய தாள்தான் பார்க்கத் தெளிவாக இருக்கிறது என்று மேனேஜர் அதையே அச்செடுக்கச் சொன்னார். மெஷினிலிருந்து வந்த காகிதம் சுடச்சுட இருந்தது, அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “திங்கக்கிழமையிலருந்து மாடிக்கு வந்துருங்கம்மா” என்றார். தேவசகாயம் எழுந்து கை கொடுத்தார். அவள் சிரித்தாள். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கேட்டவுடன் வந்துவிட்டது. படி இறங்கும்போது செலக்ட், ஃப்ரம், வேர் என்று மனசு தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. நான்கு நாளாக ஏறாத பாடம் இப்போது நிறுத்தினாலும் நிற்க மாட்டேன் என்கிறது.

கேன்டீன் ஷெட்டில் வைண்டிங்காரிகள் தலையெல்லாம் பஞ்சோடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தாள் பெஞ்சில் பக்கத்து இடத்தில் தன் துண்டை விரித்து வைத்திருந்தாள், வசந்தாமணியைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டு நகர்ந்தாள். “பாசுங்ளாக்கா?” “ம்.” “எனக்குத் தெரியுமுங்க்கா! காலைலயே மாகாளியாத்தாளுக்குக் காசு முடிஞ்சு வெச்சனுங்க, எங்கக்கா அந்தக் காலோட பேக்கிங்குல போயி நிக்கக் கூடாதுன்னு.” கால் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? யாரிடமும் சொன்னதில்லையே. நடக்கிறதைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாள், இவளும் ஆட்களைப் பார்க்கிறவள்தானே. மயிலாத்தாள் தன் தூக்குப் போசியிலிருந்து அரிசியும் பருப்புஞ் சாதத்தை மூடியில் வைத்து, மேலே நெய்யை வழித்துவிட்டு அவள் பக்கம் தள்ளினாள். வசந்தாமணி கையைக் கழுவவில்லை என்று எழுந்து போய்க் கழுவினாள், கழுவிய கையையே மறுபடி கழுவினாள், குழாயை மூடினாள். வந்து உட்கார்ந்தபோது மயிலாத்தாள் ஆசையோடு குரலைத் தணித்துக் கேட்டாள்: “ஏனுங்க்கா, அந்தப் பொட்டிக்குள்ள எங்க பேரெல்லாம் இருக்குதுங்ளா?” “இருக்குது.” “எம் பேரும் வருதுங்ளா?” “வருது.” “எங்கீங்க்கா வருது? கடைசிலயா?” வசந்தாமணி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நெய் விரலெல்லாம் ஏறியிருந்தது. “இல்ல. மொதல்ல” என்றாள். மயிலாத்தாளுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. பெஞ்சின் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி, “ஏ புள்ளைங்களா, கேட்டீங்ளா, கம்பீட்டர்ல எம் பேருதான் மொதல்லயாமா!” என்று கத்தினாள். வரிசை முழுக்கச் சிரித்தது, யாரோ ஒருத்தி எங்க பேரு எங்க இருக்குதுன்னு கேளடி என்றாள். “தின்னுங்க்கா, ஆறிப்போகுது” என்றாள் மயிலாத்தாள். வசந்தாமணி ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள்.